வேலிக்கு இந்தப் பக்கம்



இந்தச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டு அறக்கட்டளைச் செயலாளர் அழைத்தபோது, 'கூட்டமும் பேரிடரும்' என்று பொதுவாக ஒன்றைச் சொல்லி வைத்திருந்தேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் 2025 நவம்பர் 21 வந்துவிட்டது. அன்று பிற்பகல் துபாயில் விமானக் கண்காட்சியின் கடைசி நாளில், சாகசம் செய்துகொண்டிருந்த நம் விமானப்படையின் தேஜஸ் தரையில் மோதியது. விங் கமாண்டர் நமான்ஷ் சியால் உயிரிழந்தார். இமாசலப் பிரதேசம் காங்க்ராவைச் சேர்ந்தவர். பணியில் இருந்தது நம் சூலூரில். தேஜஸ் எழும்பும் சத்தம் எது, பயணிகள் விமானம் இறங்கும் சத்தம் எது என்று சூலூர்ப் பக்கத்துச் சிறுவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே சொல்வார்கள். அந்த ஊரில் நவம்பர் 21 மாலை யாரும் வேறெதையும் பேசவில்லை. ஆகவே தலைப்பைக் குறுக்கிக்கொண்டேன். ராணுவ விமானம் ஒன்று வேடிக்கை காட்டப்போய் விழும்போது, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பார்க்காதவர்களும் என்ன சொன்னார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போரில் விழும் விமானத்தைப் பற்றிப் பேச நமக்கு ஒரு மொழி இருக்கிறது. பயணிகள் விமான விபத்துக்கும் இருக்கிறது. சாகச நிகழ்ச்சியில் விழுவதற்கு இல்லை. விமானி எதற்காகப் பறந்தார்? பகைவன் யாரும் இல்லை. போய்ச் சேர வேண்டிய ஊரும் இல்லை. நாம் அண்ணாந்து பார்ப்பதற்காகப் பறந்தார். இந்தச் சங்கடம் எல்லா எதிர்வினைகளிலும் அடியில் கிடக்கிறது. அதை மறைக்கத்தான் வீரம், தேசம், தொழில்நுட்பம், சதி என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொன்றைப் பேசுகிறது.

1952 செப்டம்பர் 6, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ. போர் முடிந்து ஏழு ஆண்டுகள். ரேஷன் இன்னும் போகாத நாடு. ஜெட் விமானம் என்பது அந்த நாட்டுக்கு மிச்சமிருந்த பெருமை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டிருந்தார்கள். சோதனை விமானி ஜான் டெரி, உடன் டோனி ரிச்சர்ட்ஸ். டி ஹாவிலாண்ட் 110 என்ற புதிய போர் விமானத்தை உயரத்திலிருந்து பாய்ச்சி, ஒலியின் வேகத்தைத் தாண்டி, அந்த வெடிச்சத்தத்தைக் கூட்டத்தின் காதில் கேட்க வைத்தார் டெரி. கூட்டம் அதைக் கேட்கத்தான் வந்திருந்தது. பிறகு திரும்பிக் கூட்டத்தை நோக்கி வரும்போது விமானம் வானிலேயே சிதறியது. எஞ்சின் மேடான பகுதியில் நின்றிருந்தவர்கள் மீது போய் விழுந்தது. பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

அடுத்து நடந்ததை இன்றைய நாம் நம்புவது கடினம். ஓடுபாதையில் கிடந்த சிதறல்களை அகற்றினார்கள். நெவில் டியூக் என்ற சோதனை விமானி ஹாக்கர் ஹண்டரில் ஏறி, அதே வானத்தில் அதே ஒலிவேகப் பாய்ச்சலைச் செய்து காட்டினார். நிகழ்ச்சி தொடர்ந்தது. மறுநாள் கூட்டம் குறையவில்லை. பிரதமர் சர்ச்சில் டியூக்கைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். பத்திரிகைகளில் பெரிய கண்டனம் எதுவும் எழவில்லை. லண்டன் குண்டுவீச்சைத் தாண்டி வந்த தலைமுறைக்கு, நின்றுபோகாமல் இருப்பதே இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாகப் பட்டது. அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் கண்ணீர் விடாத அந்த நாடு ஒன்றைச் செய்தது. அளந்தது. நேராகப் பறக்கும் ஜெட் கூட்டத்திலிருந்து 230 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், வளைந்து திரும்பி சாகசம் செய்வது 450 மீட்டருக்கு அப்பால்தான், உயரம் 150 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி வந்தது. கூட்டத்தின் முன் வரிசைக்குக் 'கூட்டக்கோடு' என்று பெயர் வைத்து, எல்லாத் தூரத்தையும் அங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, பிரிட்டனில் எத்தனையோ விமானிகள் சாகச நிகழ்ச்சிகளில் இறந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் யாரும் விமானம் விழுந்து சாகவில்லை.

ஜெர்மனிக்கு வருவோம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1988 ஆகஸ்ட் 28, ஞாயிறு, ராம்ஸ்டைன். அமெரிக்க விமானப்படைத் தளம்; மேற்கு ஜெர்மனி மண்; பறந்தது இத்தாலிய விமானப்படையின் ஃப்ரெச்சே திரிகொலோரி குழு. மூன்று நாட்டுக் கொடிகள் இருந்தால் பொறுப்பு மூன்றாகப் பிரியும் என்பதை அன்று மாலையே எல்லோரும் பார்த்தார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் கூடியிருந்தார்கள். பத்து விமானங்கள். அம்பு துளைத்த இதயம் என்ற காட்சி: இரண்டு குழுக்கள் புகையால் வானில் இதயம் வரைய, தனி விமானம் ஒன்று அதன் நடுவே அம்பாகப் பாய்ந்து வர வேண்டும். அம்பின் முனை கூட்டத்தைப் பார்த்து இருந்தது. தனி விமானி இவோ நுத்தரெல்லி உரிய உயரத்தைவிடக் கீழே, உரிய நேரத்துக்கு முன் வந்து சேர்ந்தார். மரியோ நல்தினியின் விமானத்தில் மோதினார். அது ஜார்ஜோ அலெஸ்ஸியோவின் விமானத்தில் மோதியது. நுத்தரெல்லியின் விமானம் தீப்பிடித்தபடி தரையில் உருண்டு, ஓடுபாதைக்கும் கூட்டத்துக்கும் இடையே போட்டிருந்த முள்கம்பிச் சுருளை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து, ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்த ஒரு குளிர்பதன வண்டியில் முட்டி நின்றது. மோதலுக்கும் அதற்கும் இடையே சில நொடிகள்தான். மூன்று விமானிகள், பார்வையாளர்கள் 67 பேர், ஆக 70 உயிர்கள். அவசர உதவிக்கென்று தயாராக நின்ற ராணுவ ஹெலிகாப்டர் மீதும் ஒரு விமானம் விழுந்தது. காயம்பட்ட அதன் விமானி சில வாரங்களில் இறந்தார்.

அந்த ஐஸ்கிரீம் வண்டியைப் பற்றி யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் வெயில். குழந்தைகள் வரிசையில் நிற்கும் இடம் எதுவோ அதுதான் அன்று ஓடுபாதைக்கு நேர் எதிரில் இருந்தது. பாய்ந்து வரும் விமானத்துக்கும் அந்த வரிசைக்கும் இடையில் முள்கம்பி. அது மனிதர்கள் ஓடுபாதைக்குள் நுழையாமல் தடுக்கப் போட்டது. விமானம் இந்தப் பக்கம் வரக்கூடும் என்று எண்ணி எதுவும் போடப்படவில்லை.

முதலில் ஓடி வந்தவர்கள் கூட்டத்தில் இருந்தவர்கள்தான். எங்கும் அப்படித்தான். 2021 டிசம்பரில் சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பச்சத்திரத்தில் விழுந்தபோது குடங்களும் கம்பளிகளுமாக ஓடியது அந்த ஊர் மக்கள். ராம்ஸ்டைனில் ஆட்களுக்குக் குறைவில்லை. குழப்பம் ஏற்பாட்டில் இருந்தது. அமெரிக்க முறை, கிடைத்த வண்டியில் ஏற்றி உடனே மருத்துவமனைக்கு அனுப்புவது. ஜெர்மன் முறை, இடத்திலேயே சிகிச்சை தொடங்கி நிலைப்படுத்திய பின் அனுப்புவது. இரண்டும் நல்ல முறைகள். ஒரே மைதானத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள் நரம்பில் ஏற்றிய ஊசிக் குழாயில் ஜெர்மன் மருந்துக் குழாய் பொருந்தவில்லை. உடல் வெந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து கிளம்பியது. ஓட்டுநருக்கு அந்தப் பகுதியில் வழி தெரியாது. விபத்து நடந்து இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகுதான் அந்தப் பேருந்து லுட்விக்ஸ்ஹாஃபன் மருத்துவமனை வாசலுக்குப் போனது.

விமானி செய்த பிழையைப் பற்றி உலகம் முழுதும் எழுதினார்கள். பேருந்து ஓட்டுநருக்கு வழி சொல்ல ஒருவரை ஏற்றாத பிழையைப் பற்றி எழுத ஆளில்லை. என் பேச்சின் மொத்த ஆதங்கமும் இதுதான். இத்தகைய விபத்தில் நம் கேள்வி எல்லாம் வானத்தைப் பார்த்தே போகிறது. விமானி யார், விமானம் எப்படி, எந்த நாடு. சாவின் எண்ணிக்கையைத் தீர்மானித்தவை பெரும்பாலும் தரையில் இருந்தவை.

ஜெர்மானியர்களின் கோபம் அன்றைக்குத் தொடங்கியதல்ல. தாழப் பறக்கும் நேட்டோ விமானங்களின் இரைச்சலால் எண்பதுகள் முழுதும் அந்த நாடு எரிச்சலில் இருந்தது. அமைதி இயக்கத்தினரும் தேவாலயங்களைச் சேர்ந்தவர்களும் இந்த நிகழ்ச்சியே வேண்டாம் என்று முன்பே எதிர்த்தார்கள். ஆகவே விபத்துக்குப் பிறகு எழுந்த குரல், எப்படி நடந்தது என்று கேட்டதோடு நிற்கவில்லை; ஏன் நடத்தினீர்கள் என்றும் கேட்டது. பாதுகாப்பு அமைச்சகம் ராணுவ சாகசங்களுக்குத் தடை போட்டது. மூன்று ஆண்டுகள் அந்த நாட்டில் இத்தகைய நிகழ்ச்சிகள் இல்லை; பிறகு வந்தபோது கடும் விதிகளோடு வந்தன. விபத்து நடந்த அதே 1988 டிசம்பர் 8 அன்று ஓர் அமெரிக்க ஏ-10 விமானம் ரெம்ஷைட் நகரின் குடியிருப்புத் தெருவில் விழுந்து, வீட்டுக்குள் இருந்தவர்களைக் கொன்றது. அங்கே வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. பயிற்சிப் பறத்தலையும் சேர்த்துக் கேள்வி கேட்கும் துணிவு மக்களுக்கு அதற்குப் பிறகு இன்னும் கூடியது.

இத்தாலியில் வேறு கதை ஓடியது. 1980 ஜூன் 27 அன்று உஸ்திகா தீவருகே கடலில் விழுந்த பயணிகள் விமானத்தில் 81 பேர் இறந்த வழக்கு அந்த நாட்டின் ஆறாத புண். அன்று மாலை நுத்தரெல்லியும் நல்தினியும் வேறொரு ராணுவ விமானத்தில் அதே நேரத்தில் பறந்தவர்கள். அந்த வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் என்று எழுதப்பட்டது. இருவரும் ஒரே நாளில் ஒரே விபத்தில் போய்விட்டார்கள் என்றால் மக்கள் சும்மா இருப்பார்களா? சதி என்றார்கள். நாசவேலைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அரசு ஒரு வழக்கில் எட்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தால் மக்கள் அடுத்த வழக்கையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். இதில் மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ராம்ஸ்டைனில் எனக்கு முக்கியமாகப் படுவது தடையும் இல்லை, சதிக் கதையும் இல்லை. ஹார்ட்முட் யாட்ஸ்கோ என்ற மருத்துவரும் அவர் மனைவி சிபில்லெயும் பிழைத்தவர்களையும் இழந்தவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் செய்தார்கள். பேரிடருக்குப் பின் மனநலம் என்பதற்கு அங்கே அன்று எந்த ஏற்பாடும் இல்லை. மூன்று நாட்டு ராணுவத்தில் யாருக்கும் அது தங்கள் வேலையாகத் தோன்றவில்லை. அந்தக் கூட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. அதில் கிடைத்த அனுபவத்தோடு அந்தத் தம்பதி பின்னாளில் வேறு பேரழிவுகளில் குடும்பங்களை இழந்தவர்களிடமும் போனார்கள். (ஒரு ராக் இசைக்குழு அந்த ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டித் தன் பெயராக்கி உலகப் புகழ் பெற்றதும் எதிர்வினைதான். அதை வேறொரு நாள் வேறொருவர் பேசட்டும்.)

உக்ரைன். 2002 ஜூலை 27, லிவீவ் நகரத்தின் ஸ்கினிலிவ் விமானத்தளம். கட்டணம் இல்லாத நிகழ்ச்சி, சனிக்கிழமை, குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சு-27 ஒன்று தாழ்ந்து, தரையில் நிறுத்தியிருந்த விமானங்களில் ஒன்றை உரசி, அவற்றைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே வெடித்தது. 77 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் குழந்தைகள். விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பித்தார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் அந்த நாட்டின் கோபத்தைத் தீர்மானித்தது. ஃபார்ன்பரோவிலும் ராம்ஸ்டைனிலும் விமானியும் இறந்தார். இறந்தவரை ஓரளவுக்கு மேல் ஏச முடியாது. இங்கே உயிரோடு இருவர் கிடைத்தார்கள். குடியரசுத் தலைவர் குச்மா விமானப்படைத் தளபதியைப் பதவியிலிருந்து நீக்கினார். 2005-இல் ராணுவ நீதிமன்றம் முதல் விமானிக்கு 14 ஆண்டும் இரண்டாமவருக்கு 8 ஆண்டும் சிறை விதித்தது. மேலதிகாரிகள் மீதான தனி வழக்கு விடுதலையில் முடிந்தது. அந்த மைதானத்தில் ஒத்திகை பார்க்காமல் பறக்கவிட்டது யார், பறக்கும் பாதைக்கும் நிறுத்தப்பட்ட விமானங்களுக்கும் இவ்வளவு நெருக்கம் வைத்து வரைபடம் போட்டது யார், குழந்தைகளை அங்கே நடக்கவிட்டது யார்? ஃபார்ன்பரோவின் அளவுகோல் அரை நூற்றாண்டாக உலகத்தின் கையில் இருந்தது. விமானி தவறு செய்தார் என்பதை நான் மறுக்கவில்லை. விமானி தவறு செய்வார் என்று எண்ணித்தான் கோடு போடுகிறோம்.

கோடும் எல்லாவற்றையும் காக்காது என்பதற்கு ஷோரம். 2015 ஆகஸ்ட் 22, மறுபடியும் இங்கிலாந்து, மறுபடியும் ஒரு ஹாக்கர் ஹண்டர். பழைய ராணுவ விமானம், இப்போது தனியாரிடம். வளையம் அடித்து எழ முடியாமல் தளத்துக்கு வெளியே ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாலையில் தம் வேலையாகப் போனவர்களும், ஓரத்தில் நின்று பார்த்தவர்களும் என 11 பேர் இறந்தார்கள். ஆற்றின் மேலுள்ள பழைய மரப் பாலத்தின் கைப்பிடி முழுதும் மக்கள் பூ வைத்தார்கள். தப்பிய விமானி 2019-இல் விடுதலையானார், குடும்பங்கள் கொதித்தன, 2022-இல் மரண விசாரணை, அவை சட்டவிரோதமாக நேர்ந்த மரணங்கள் என்று முடிவு சொன்னது. ஆனால் விபத்து விசாரணை அமைப்பின் அறிக்கை நானூறு பக்கத்துக்கும் மேல், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வெளியே வந்தது. தளத்துக்கு வெளியே இருப்பவர்களை ஏற்பாட்டாளர்கள் கணக்கில் எடுத்தார்களா என்று அது கேட்டது.

இப்போது துபாய். அங்கே கோடு தன் வேலையைச் செய்தது. விமானம் கூட்டத்திலிருந்து விலகி விழுந்தது; பார்வையாளர் ஒருவர்கூட இறக்கவில்லை. இதை நம் தொலைக்காட்சிகளில் யாரும் அழுத்திச் சொல்லிக் கேட்ட நினைவில்லை. சொல்ல நேரம் எங்கே? அதற்கு முந்தைய நாட்களில்தான், தரையில் நின்ற தேஜஸிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று ஒரு காணொளி பரவி, அது வழக்கமாக வெளியேற்றப்படும் நீர் என்று மத்திய அரசு மறுத்திருந்தது. விபத்து நடந்ததும் அந்தப் பழைய காணொளி மறுபடி உயிர் பெற்றது. எல்லைக்கு அப்பாலிருந்து சிலர் கைதட்டினார்கள். அங்கிருந்தே சிலர் இரங்கலும் சொன்னார்கள். இங்கே சிலர் தேஜஸ் திட்டத்தையே மூடச் சொன்னார்கள். சிலர் கேள்வி கேட்பதே துரோகம் என்றார்கள். ஒரு மனிதர் இறந்த செய்தி, விமான விற்பனைச் செய்தியாக மாற ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

கண்காட்சி நிற்கவில்லை. சிறிது நேரம் கழித்து மற்ற நாட்டு விமானங்கள் பறந்தன. அங்கே பறக்க வேண்டியிருந்த அமெரிக்க விமானப்படையின் எஃப்-16 காட்சிக் குழு தன் கடைசி நிகழ்ச்சியை ரத்து செய்தது. தீ அணைந்த சற்று நேரத்தில் அறிவிப்பாளர் பழைய உற்சாகத்தோடே பேசிக்கொண்டிருந்தது தன்னை உலுக்கியதாக அந்தக் குழுவின் தலைவர் வெளிப்படையாக எழுதினார். நம் ஊரிலும் பலர் அதைப் பகிர்ந்தார்கள். 1952-இல் எது நெஞ்சுரமாகத் தெரிந்ததோ அதுவே 2025-இல் மரியாதைக் கேடாகத் தெரிந்தது. டியூக் பறந்தது சக விமானிக்காக. துபாயில் தொடர்ந்தது அட்டவணைக்காக என்று இரண்டையும் பிரிக்கலாம். அவ்வளவு சுலபமாகப் பிரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஃபார்ன்பரோவும் விற்பனைக் கண்காட்சிதான்.

இன்னொன்று, அதுதான் என்னைத் தூங்கவிடாதது. விமானியின் தந்தை, ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர், மகன் பறப்பதைப் பார்க்கலாம் என்று யூடியூபில் அந்த நிகழ்ச்சியின் காணொளிகளைத் தேடியிருக்கிறார். அவர் கண்ணில் பட்டது விபத்துச் செய்தி. விமானப்படை அதிகாரிகள் வீட்டு வாசலுக்கு வந்தது அதற்குப் பிறகு. நான் நாளிதழில் செய்தி மேசையில் இருந்த காலத்தில், குடும்பத்துக்குத் தகவல் போனதா என்று உறுதியாகும்வரை பெயரைப் பிடித்துவைப்பது எழுதாத சட்டம். இன்று பெயர் வேண்டாம், படமே போதும். அரங்கில் நின்ற ஆயிரம் கைகளும் ஆயிரம் செய்தி மேசைகள். பதிவு செய்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன். விசாரணைக்கு அந்தப் பதிவுகள்தான் உதவும். அதை உடனே இசை சேர்த்து வெளியிட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

நமான்ஷ் சியாலின் உடல் சூலூருக்கு வந்து, அஞ்சலிக்குப் பின் காங்க்ரா போனது. விமானப்படை விசாரணைக் குழு அமைத்தது. நம் வழக்கத்தில் ராணுவ விபத்துகளின் முழு விசாரணை அறிக்கை பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. எஞ்சின் ரகசியம், ஆயுத ரகசியம் இருக்கட்டும். தரையைப் பற்றிய பகுதியில் என்ன ரகசியம்? கூட்டம் எங்கே நின்றது, தீயணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது, குடும்பத்துக்கு யார் எப்போது சொன்னார்கள். இதையாவது அச்சிடலாம்.

கேட்க வேண்டிய காரணம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. 2024 அக்டோபர் 6, சென்னை மெரினா. சாகசம் காட்டிய விமானப்படை விமானங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பின. கீழே வெயிலில், தண்ணீர் கிடைக்காமல், வெளியேற வழியின்றி நசுங்கிய கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். மாநில அரசா விமானப்படையா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். எத்தனை சாலைகளை ஆம்புலன்சுக்கென்று காலியாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் அந்தச் சண்டையிலிருந்து பிறக்கவில்லை. 2019-இல் பெங்களூரு எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒத்திகையில் விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழு விமானங்கள் இரண்டு மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். அடுத்த நாள் கண்காட்சி தொடங்கியது. நான்கைந்து நாட்களில் அதே கண்காட்சியின் வாகன நிறுத்தத்தில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து ஏறக்குறைய முந்நூறு கார்கள் எரிந்தன. நல்லவேளை, கார்களோடு போயிற்று.

எலஹங்காவில் உள்ளே போக டிக்கெட் விலை அதிகம். ஆகவே விமான நிலையச் சாலையின் ஓரத்திலும், மேம்பாலத்தின் மேலும், சுற்றியுள்ள கட்டடங்களின் மொட்டைமாடியிலும் ஆயிரக்கணக்கானோர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். போலீஸ் வந்து விரட்டும். இருசக்கர வண்டியை நூறடி தள்ளி நிறுத்திவிட்டு மறுபடி நிற்பார்கள். ஷோரத்தில் ஏ27 சாலை இருந்த இடம் அதுதான். அடுத்த ஏரோ இந்தியாவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரியின் மேசையில் விரியும் வரைபடத்தில் அந்தச் சாலை ஓரத்தையும் ஒரு கோட்டால் அடைத்து, இங்கே இத்தனை பேர் நிற்பார்கள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். இந்த அவையில் வழக்கறிஞர்கள் சிலர் இருக்கிறீர்கள். மனுவை எழுதித் தர நான் தயார்.